வெயிலில் பூக்கும் சரக்கொன்றை: விதையிலிருந்து வளர்ப்பது எப்படி?

சித்திரை வெயிலில் மற்ற செடிகள் வாடி நிற்கும்போது, இலையைக்கூட உதிர்த்துவிட்டு மஞ்சள் சரங்களாகத் தொங்கும் மரம் சரக்கொன்றை. சிவனுக்குச் சூட்டும் கொன்றை இதுதான். கேரளத்தில் விஷுக்கணியில் வைப்பதும் இதையே. தோப்பெல்லாம் தேவையில்லை. நாள் முழுக்க வெயில் விழும் ஒரு மூலை போதும்.

முதலில் விதை. மாசி, பங்குனியில் மரத்தடியில் கறுத்த நெற்று கிடக்கும். ஒரு முழத்துக்கு மேலேகூட நீளம் இருக்கும். உடைத்தால் காசு அடுக்கியதுபோல் அறைகள், அறைக்கு ஒரு விதை, சுற்றிலும் பிசுபிசுப்பான கரிய சதை. அந்தச் சதை பேதியைக் கிளப்பும், குழந்தைகள் வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

விதையைக் கழுவி அப்படியே ஊன்றிவிடாதீர்கள். நான் அப்படித்தான் ஊன்றினேன். இரண்டு மாதம் தண்ணீர் ஊற்றியும் ஒன்றுகூட முளைக்கவில்லை. தோல் அவ்வளவு கெட்டி, தண்ணீர் உள்ளே இறங்காது. விதையின் ஒரு பக்கத்தை உப்புத்தாளில் தேயுங்கள். பழுப்புத் தோல் போய் உள்ளே வெளிறித் தெரிந்ததும் நிறுத்திவிட வேண்டும். முளை வரும் கூரான முனையைத் தொடாதீர்கள். அப்புறம் ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறட்டும். காலையில் உப்பியிருப்பவற்றை மட்டும் எடுத்து ஊன்றுங்கள். உப்பாததை மறுபடி தேய்க்கலாம்.

செம்மண், மணல், மக்கிய தொழு உரம் மூன்றையும் சம அளவில் கலந்து, அடியில் துளையிட்ட பையில் நிரப்பி, விரல் நுனி ஆழத்தில் விதையை வையுங்கள். ஒன்றிரண்டு வாரத்தில் முளைக்கும்.

நாற்றாக வாங்குபவர்கள் இலையைப் பார்த்து வாங்குங்கள். கொன்றை என்று சொல்லி வேறு மஞ்சள் பூ மரங்களையும் கொடுத்துவிடுகிறார்கள். புளிய இலைபோலப் பொடிப்பொடியாக இருந்தால் அது சரக்கொன்றை இல்லை. இதன் சிற்றிலை ஒவ்வொன்றும் உள்ளங்கை நீளத்துக்கு வரும்.

நடுவதற்கு ஐப்பசி மழைக்காலம் நல்லது. வீட்டுச் சுவரிலிருந்து 10 அடியாவது தள்ளி, மேலே மின்கம்பி இல்லாத இடத்தில் 2 அடிக்குக் குழி எடுங்கள். தண்ணீர் தேங்கும் பள்ளம் மட்டும் ஆகவே ஆகாது. முதல் இரண்டு கோடைக்கு வாரம் இருமுறை தண்ணீர். வேர் இறங்கிய பிறகு அதன் போக்கில் விட்டுவிடலாம். செல்லம் கொடுத்து நீரும் உரமும் கொட்டினால் இலைதான் மண்டும்.

மஞ்சள், வெள்ளை வண்ணத்துப்பூச்சிகள் இலையில் முட்டையிடும், பச்சைப் புழு தழையைத் தின்னும். மருந்து அடிக்க வேண்டாம், மரம் மறுபடி துளிர்த்துவிடும். பங்குனியில் இலை கொட்டினாலும் பட்டுப்போய்விட்டதோ என்று பதற வேண்டாம்.

சின்ன இடத்தில் கிளைகளை வெட்டிவிடும் கவாத்துதான் முக்கியம். விட்டால் 30 அடிக்கு மேல் போகும் மரம் இது. பூ ஓய்ந்ததும், ஆனி ஆடிக்குள் வெட்டிவிடுங்கள். ஒரு தடவை நான் தை மாதத்தில் வெட்டி, அந்த வருடப் பூவைக் கோட்டைவிட்டேன்.

விதையில் வந்த மரம் பூக்க நான்கைந்து வருடம் ஆகும். பூத்த பிறகு காய் நிறைய பிடிக்கும். குப்பை என்று தோன்றினால் பச்சையிலேயே அறுத்துவிடலாம். ஒன்றிரண்டை மட்டும் விட்டுவையுங்கள், பக்கத்து வீட்டில் விதை கேட்பார்கள்.