தேய்ந்த குழலுக்கு ஏற்ற தோட்டா: என் அனுபவம்
அம்பாசமுத்திரத்தில் தாத்தா வைத்திருந்த ஒற்றைத் தோட்டா பாயின்ட் 22 ரைபிள், உரிமம் மாற்றி என் கைக்கு வந்தது. துப்பாக்கி சுடும் ரேஞ்சில் 25 மீட்டரில் சுட்டால் குண்டுகள் ஒரு சாண் அகலத்துக்குச் சிதறின. அட்டையில் சில துளைகள் நீள்வாக்கில் இருந்தன. குண்டு சரியாகச் சுழலாமல் புரண்டு போயிருக்கிறது.

பாளையங்கோட்டையில் துப்பாக்கி பழுது பார்க்கும் அண்ணாச்சியிடம் காட்டினேன். முதலில் பூட்டையும் தோட்டா அறையையும் சோதித்து, பயமில்லை என்றார். "குழல் தேஞ்சிருக்கு தம்பி. ஆனா உள்ள ஈயம்லா அப்பிக் கெடக்கு!"

வெண்கல பிரஷ்ஷும் எண்ணெயுமாக இரண்டு சாயங்காலம் தேய்த்தேன். சாம்பல் நிறத் துணுக்குகளாக ஈயம் உதிர்ந்தது.

அப்புறம் தோட்டா. நொடிக்கு 380 மீட்டர் போகும் ஹை வெலாசிட்டி ரகம் தேய்ந்த வரிகளில் (குண்டைச் சுழல வைக்கக் குழலுக்குள் வெட்டியிருக்கும் திருகுப் பள்ளங்கள்) பிடிப்பில்லாமல் வழுக்கியது. சுமார் 325 மீட்டர் போகும் ஸ்டாண்டர்ட் வெலாசிட்டி, 40 கிரெய்ன் (சுமார் 2.6 கிராம்) எடையுள்ள வெறும் ஈயக் குண்டு, நன்றாகப் பிடித்துச் சுழன்றது. 60 கிரெய்ன் ரகத்தை மட்டும் வாங்காதீர்கள். 16 அங்குலத்துக்கு ஒரு சுற்று வரும் வரியில் அந்த நீளக் குண்டு நிலைக்காது.

இப்போது சுடும் ஐந்து குண்டுகளும் ஒரு எலுமிச்சம்பழ அகலத்துக்குள் விழுகின்றன. துடைத்த பிறகு முதல் நாலைந்தை நான் கணக்கில் சேர்ப்பதில்லை. குண்டின் மேல் பூசியிருக்கும் மெழுகு குழலில் படிந்த பிறகுதான் சீராகிறது.