மதுரையிலிருந்து ஆப்பிரிக்கக் கிராமக் குழுக்களுக்குத் தொலைநிலைக் கல்வி: ஒரு செயல்முறை வழிகாட்டி

மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் மகளிர் சுய உதவிக் குழுக்களுடன் பல ஆண்டுகள் பணியாற்றிய தொண்டு நிறுவனங்களும், கல்லூரிகளின் விரிவாக்கத் துறைகளும், ஓய்வுபெற்ற வேளாண், கால்நடை அலுவலர்களும் தங்கள் அனுபவத்தை ஆப்பிரிக்க நாடுகளின் கிராமக் குழுக்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்பினால், விமானப் பயணமோ பெரும் நிதியோ இல்லாமலேயே அதைத் தொடங்கலாம். ஒரு கைப்பேசி, வாரத்தில் சில மணி நேர உழைப்பு, எதிர்முனையில் பொறுப்பேற்கும் ஓர் அமைப்பு ஆகிய மூன்றும் போதும். மூன்றாவது அமையவில்லையென்றால் முதல் இரண்டையும் செலவிட வேண்டாம்.

இந்த வட்டாரத்துக்கு இது பழகிய பாதைதான். கனடாவைத் தலைமையிடமாகக் கொண்ட காமன்வெல்த் ஆஃப் லேர்னிங் அமைப்பு, உழவர்களுக்கான வாழ்நாள் கல்வித் திட்டத்தை 2004-இல் தமிழ்நாட்டில்தான் தொடங்கியது. தேனி மாவட்டத்தில் ஆடு வளர்க்கும் மகளிர் குழுவினருக்குக் கைப்பேசி வழியாகக் குரல்வழிப் பாடங்கள் சென்றன. அந்தப் பாடங்கள் வங்கிக் கடனோடும் குழுக் கூட்டத்தோடும் பின்னிப் பிணைந்திருந்தன. அதே அணுகுமுறை பின்னர் கென்யாவுக்கும் உகாண்டாவுக்கும் சென்றது. கடன் வாங்கி ஆடு பிடித்த பெண்ணுக்கு அந்த ஆட்டைக் காப்பாற்றியே தீர வேண்டும். ஆகவே அவர் பாடத்தைக் கவனமாகக் கேட்கிறார். கைப்பேசியைவிட இந்தத் தொடர்பைத்தான் நாம் அத்திட்டத்திலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும்.

1976-இல் 11 படுக்கைகளுடன் மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையும், கருவி மட்டும் போதாது என்பதையே வேறு விதத்தில் காட்டுகிறது. தேனி வட்டாரக் கிராமங்களில் அது அமைத்த பார்வை மையங்களில், பயிற்சி பெற்ற பணியாளர் ஒருவர் நோயாளியின் கண்ணைப் பரிசோதிக்கிறார். மருத்துவர் காணொளி வழியாக நோயாளியிடம் பேசி முடிவு சொல்கிறார். அந்தப் பணியாளர் இல்லாத இடத்தில் எவ்வளவு வேகமான இணைய இணைப்பு இருந்தும் பயனில்லை. இந்த மருத்துவமனையின் பயிற்சி நிறுவனமான லைக்கோ 1992 முதல் இயங்குகிறது. ஆப்பிரிக்கக் கண் மருத்துவமனைகளைச் சேர்ந்தவர்களும் அங்கே பயிற்சி பெறுகிறார்கள்.

பட்டப்படிப்பு வேண்டுமென்று கேட்பவர்களுக்கு வேறு வழி உண்டு. இராமேசுவரத்தில் பிறந்த அப்துல் கலாம் குடியரசுத் தலைவராக இருந்தபோது 2004-இல் முன்மொழிந்து, 2009 பிப்ரவரியில் தொடங்கி வைக்கப்பட்ட பான்-ஆப்பிரிக்க மின்வலைத் திட்டம் இந்தியப் பல்கலைக்கழகங்களையும் மருத்துவமனைகளையும் அந்தக் கண்டத்துடன் செயற்கைக்கோள் வழியாக இணைத்தது. அதன் தொடர்ச்சியாக 2019-இல் இ-வித்யாபாரதி என்னும் இணையவழித் திட்டம் வந்தது. தான்சானியாவிலும் நைஜீரியாவிலும் அரசுத் திறந்தநிலைப் பல்கலைக்கழகங்கள் உள்ளன. கீழே சொல்லப்படுபவை, பட்டம் எட்டாத, ஆனால் அடுத்த மழைக்குள் ஒரு முடிவு எடுத்தாக வேண்டிய கிராமக் குழுக்களுக்கானவை.

எதிர்முனையை முதலில் உறுதி செய்யுங்கள்

தனிநபரோடு தொடங்க வேண்டாம். கென்யாவில் ‘சாமா’ எனப்படும் சேமிப்புக் குழுக்கள் நம் மகளிர் குழுக்களைப் போலவே மாதந்தோறும் கூடிப் பணம் சேர்த்துக் கடன் கொடுத்து வாங்குகின்றன. ‘சாக்கோ’ எனப்படும் கடன் கூட்டுறவுச் சங்கங்கள் கிழக்கு ஆப்பிரிக்கா முழுவதும் பரவியுள்ளன. சமுதாய வானொலி நிலையங்களும் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிகளும்கூட நல்ல கூட்டாளிகளாக அமையும். எந்த அமைப்பாக இருந்தாலும் அங்கே சம்பளமோ மதிப்பூதியமோ பெற்று இந்த வேலையைப் பார்க்க ஒருவர் இருக்க வேண்டும். நம் பக்கத்தில் களப்பணியாளர் என்று யாரைச் சொல்கிறோமோ அவரைப் போன்ற ஒருவர். மொத்தச் செலவில் பெரும்பகுதி அவருடைய ஊதியத்துக்கும் போக்குவரத்துக்கும் போவதே சரியானது. கருவிகள் வாங்குவதற்கே நிதியில் பாதி போகும் திட்டத்தை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

முதல் உரையாடலில் பாடத்திட்டம் பற்றிப் பேசாமல், குழு எந்தக் கிழமை எங்கே கூடுகிறது, உறுப்பினர்களில் எத்தனை பேரிடம் பட்டன் போன், எத்தனை பேரிடம் ஸ்மார்ட்போன், அந்தப் போன் உண்மையில் யார் கையில் இருக்கிறது, எங்கே சார்ஜ் போடுகிறார்கள், வீட்டில் என்ன மொழி பேசுகிறார்கள் என்பவற்றைக் கேளுங்கள். போன் கணவரின் சட்டைப் பையில் இருக்கும் வீட்டில், பகல் பதினொரு மணிக்கு அனுப்பும் பாடம் மனைவிக்குப் போய்ச் சேராது. இதை உசிலம்பட்டிப் பக்கத்துக் குழுக்களில் பணிபுரிந்தவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

நேரக் கணக்கையும் அப்போதே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கென்யா, உகாண்டா, தான்சானியா, எத்தியோப்பியா ஆகியவை நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால் உள்ளன. மலாவி, சாம்பியா மூன்றரை மணி நேரமும், நைஜீரியா நாலரை மணி நேரமும், கானா ஐந்தரை மணி நேரமும் பின்னால் உள்ளன. கானாவில் மாலை நான்கு மணிக்குக் கூடும் குழுவுடன் பேச இங்கே இரவு ஒன்பதரைக்கு ஒருவர் விழித்திருக்க வேண்டும். எத்தியோப்பியாவிலும் சுவாஹிலி பேசும் பகுதிகளிலும் மக்கள் பகல் பொழுதை விடியலிலிருந்து எண்ணுவதால், அங்கே கடிகாரப்படி காலை ஏழு மணியாக இருப்பது பேச்சில் ஒரு மணி எனப்படும். ஆகவே கூட்ட நேரத்தைக் குறிக்கும்போது எந்தக் கணக்கு என்பதைத் தெளிவாகக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பொருளைத் தேர்ந்தெடுக்கும் முறை

குழுவினர் அடுத்த சில மாதங்களில் பணத்தைப் போட்டு எடுக்கப்போகும் ஒரு வேலையையே பொருளாகக் கொள்ளுங்கள்: ஆடு, கோழி, மக்காச்சோளம், விதைச் சேமிப்பு, கடன் கணக்கு எழுதுதல். ‘விழிப்புணர்வு’ என்ற பொதுத் தலைப்பில் பாடம் நடத்தினால் முதல் மாதம் ஆர்வமும் மூன்றாம் மாதம் காலி நாற்காலிகளும்தான் மிஞ்சும்.

பருவத்தையும் கவனிக்க வேண்டும். கென்யாவின் பெரும்பகுதியில் மார்ச் முதல் மே வரை நீண்ட மழையும், அக்டோபர் முதல் டிசம்பர் வரை குறுகிய மழையும் பெய்கின்றன. இரண்டாவது நம் வடகிழக்குப் பருவமழையோடு ஒத்துப் போகிறது. ஆகவே புரட்டாசியில் நம் குழுக்களுக்குச் சொல்லும் ஆட்டுப் பராமரிப்பு அங்கேயும் அதே வாரங்களில் பயன்படும். மலாவியிலோ சாம்பியாவிலோ நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை ஒரே மழைக்காலம் என்பதால் அட்டவணை மாறும்.

ஒரு குரல்வழிப் பாடம் தயாராகும் விதம்

பெரும்பாலான இடங்களுக்கு நான் குரல்பதிவையே முதலில் பரிந்துரைப்பேன். நொடிக்கு 16 கிலோபிட் அளவில் பதிந்த இரண்டு நிமிடப் பேச்சு ஏறத்தாழ 240 கிலோபைட்டுதான். நொடிக்கு 500 கிலோபிட் அளவுள்ள இரண்டு நிமிடக் காணொளியோ 7.5 மெகாபைட். முப்பது மடங்கு டேட்டாவை, நாளுக்கு நாள் சிறு தொகைக்கு ரீசார்ஜ் செய்யும் ஒருவரிடம் கேட்பது நியாயமாகாது. மேலும் குரல்பதிவை வாட்ஸ்அப்பில் அனுப்பலாம், மெமரி கார்டில் ஏற்றலாம், வானொலியில் ஒலிபரப்பலாம், பட்டன் போனுக்குத் தானியங்கி அழைப்பாகவும் கொடுக்கலாம்.

ஆட்டுக்குக் குடற்புழு நீக்கும் பாடத்தை எடுத்துக்கொள்வோம். மழைக்குப் பின் இரத்தம் உறிஞ்சும் வயிற்றுப் புழுவால் ஆடுகள் சோகை பிடித்துச் சாவது தேனியிலும் உண்டு, கிழக்கு ஆப்பிரிக்காவிலும் உண்டு. எல்லா ஆட்டுக்கும் ஒரே நாளில் மருந்து ஊற்றுவதையே நாம் பழக்கமாக்கியிருக்கிறோம். அதனால் மருந்துக்குக் கட்டுப்படாத புழுக்கள் பெருகுகின்றன. தென்னாப்பிரிக்கக் கால்நடை மருத்துவர்கள் செம்மறி ஆடுகளுக்காக உருவாக்கிய ஃபமாச்சா என்னும் வண்ண அட்டை, கீழ் இமையின் உட்புற நிறத்தைப் பார்த்து எந்த ஆட்டுக்கு மருந்து தேவை என்று முடிவு செய்ய உதவுகிறது. பின்னர் அது வெள்ளாடுகளுக்கும் பயன்பாட்டுக்கு வந்தது. நிறம் 1 என்றால் நல்ல சிவப்பு, 5 என்றால் வெளுப்பு. பாடத்தின் வாசகம் இப்படி அமையலாம்:

“ஆட்டை வெளிச்சத்துக்குக் கொண்டு வாருங்கள். மேல் இமையால் கண்ணை மூடி, கட்டைவிரலால் மெதுவாக அழுத்துங்கள். அப்படியே கீழ் இமையைச் சற்று இழுங்கள். உள்ளே தெரியும் சதையின் நிறத்தை அட்டையோடு ஒப்பிடுங்கள். நான்கு, ஐந்து என்றால் இன்றே மருந்து. ஒன்று, இரண்டு என்றால் விட்டுவிடுங்கள். மூன்று என்றால் கால்நடைப் பணியாளரைக் கேளுங்கள். இரண்டு கண்ணையும் பாருங்கள்.”

ஒரு நிமிடத்துக்குள் முடியும் இந்த வாசகத்தில் மருந்தின் பெயரோ அளவோ இல்லை என்பதைக் கவனியுங்கள். மருந்தின் செறிவும் வணிகப் பெயரும் நாட்டுக்கு நாடு வேறுபடுவதால், அளவை அந்த ஊர்க் கால்நடை மருத்துவரே தன் குரலில் தனிப் பதிவாகச் சொல்ல வேண்டும். அதேபோல், அந்த அட்டையைப் படம் எடுத்து அனுப்பக் கூடாது. ஒவ்வொரு கைப்பேசித் திரையும் சிவப்பை ஒவ்வொரு விதமாகக் காட்டும். ஒரு சாயல் மாறினால் மருந்து தேவைப்படும் ஆடு எது என்பதே மாறிவிடும். அச்சிட்ட அசல் அட்டையை முறைப்படி வாங்கி, அதைப் பயன்படுத்தப் பயிற்சி பெற்றவர் குழுவில் இருந்து காட்டித் தர வேண்டும். எது திரையில் போகலாம், எது கையில் இருக்க வேண்டும் என்ற இந்தப் பிரிப்பை ஒவ்வொரு பாடத்துக்கும் செய்யுங்கள்.

நம் மருத்துவர் தமிழிலோ ஆங்கிலத்திலோ வாசகத்தை எழுதித் தரட்டும். சுவாஹிலி, லுகாண்டா, சிச்சேவா, அம்ஹாரிக் என எந்த மொழியானாலும் அந்த மொழிக்காரர் ஒருவர் தம் பேச்சுவழக்கில் சொல்லிப் பதிவு செய்யட்டும். மதுரைக் குரலில் ஆங்கிலத்தில் பேசி அனுப்பினால் மரியாதைக்காகக் கேட்பார்கள், ஆட்டை மட்டும் பழையபடியே வளர்ப்பார்கள். தீவனம் பற்றிய பாடத்தில் அகத்தியையும் உசிலையையும் நாம் எழுதக் கூடாது; அந்த இடத்தை வெற்றிடமாக விட்டு, அவர்களுடைய தழைமரங்களை அவர்களே நிரப்பட்டும். கென்ய மேட்டுநிலங்களில் காலியாண்ட்ரா மரத்தைத் தீவனத்துக்காக வளர்ப்பவர்கள் ஏராளம்.

பதிவுக்குக் கூடமே தேவையில்லை. மின்விசிறியை நிறுத்தி, போனை ஏரோபிளேன் மோடில் வைத்து, பாயும் போர்வையும் அடுக்கிய சிறிய அறையில், வாயிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்துப் பேசினால் எதிரொலி அடங்கிவிடும். பதிவை அனுப்புவதற்கு முன் விலை குறைந்த பட்டன் போனின் ஒலிபெருக்கியில் ஒருமுறை போட்டுக் கேளுங்கள்; அங்கே கேட்கப்படுவது அப்படித்தான்.

இணையம் எட்டாத இடங்கள்

பள்ளியோ ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியோ கூட்டாளியாக இருந்தால் இணையமில்லா நூலகம் ஒன்றை அமைக்கலாம். கோலிப்ரி என்னும் கட்டணமற்ற மென்பொருள் பாடங்களையும் பயிற்சிகளையும் ஒரு சிறு கணினியில் சேமித்து, அந்தக் கட்டடத்துக்குள் வைஃபை வழியாக வழங்குகிறது. கிவிக்ஸ் விக்கிப்பீடியாவை அதே போல இணையமின்றிப் படிக்க வைக்கிறது. ராஸ்பெரி பை போன்ற கையடக்கக் கணினியே இதற்குப் போதும். மின்சாரம் விட்டு விட்டு வரும் ஊர்களில் அதற்கு ஒரு மின்கல ஏற்பாடும், தூசி படாத பெட்டியும், பழுதானால் மெமரி கார்டை மாற்றத் தெரிந்த உள்ளூர் ஆளும் அவசியம். மூன்றாவது அமையும் வரை பெட்டியை அனுப்பாதீர்கள். ஆசிரியர் பயிற்சிக்கு, பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் முன்னின்று ஆப்பிரிக்கக் கல்வியாளர்களோடு உருவாக்கிய டெஸ்ஸா பாடங்கள் ஆங்கிலம், பிரெஞ்சு, சுவாஹிலி, அரபு மொழிகளில் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றை விட்டுவிட்டுப் புதிதாக எழுதுவதில் பொருளில்லை.

அங்கிருந்து இங்கே

பாடம் இரு திசையிலும் போக வேண்டும் என்பதை நான் வலியுறுத்திச் சொல்கிறேன். மக்காச்சோளப் படைப்புழு 2016-இல் ஆப்பிரிக்காவில் பரவத் தொடங்கியது. 2018-இல் இந்தியாவுக்கு வந்து, அந்தப் பருவத்திலேயே தமிழ்நாட்டு மக்காச்சோள வயல்களைத் தின்றது. இடைப்பட்ட இரண்டு ஆண்டுகளில், இலைகளில் முட்டைக் குவியலைத் தேடுவதையும், புழுவைக் கையால் பொறுக்கி நசுக்குவதையும், குருத்தில் மணலோ சாம்பலோ இடுவதையும் ஆப்பிரிக்காவின் சிறு விவசாயிகள் செய்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். பேரையூர் விவசாயிக்கும் கென்ய விவசாயிக்கும் இடையே அன்று ஒரு குரல்பதிவு வழி இருந்திருந்தால் எவ்வளவோ செலவு மிஞ்சியிருக்கும். நைரோபியில் உள்ள பூச்சியியல் ஆய்வு மையமான இசிப், தண்டுத் துளைப்பானையும் சுடுமல்லிக் களையையும் கட்டுப்படுத்த, மக்காச்சோளத்துக்கிடையே டெஸ்மோடியம் என்னும் பயறுவகைச் செடியையும் வயல் ஓரத்தில் தீவனப் புல்லையும் வளர்க்கும் முறையைப் பரப்பி வருகிறது. ஆகவே ஒவ்வொரு நான்கு பாடங்களுக்கும் ஒன்றையாவது அவர்கள் தரும்படி ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

பணமும் ஒப்புதலும்

குரல், படம், போன் எண் ஆகியவற்றைச் சேர்க்கும் முன் ஒவ்வொருவரிடமும் அவர் மொழியில் ஒப்புதல் பெறுங்கள். கென்யாவில் 2019-ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறையில் உள்ளது. இந்தியாவும் 2023-இல் சட்டம் இயற்றியுள்ளது. அறக்கட்டளையின் வருமானத்தை நாட்டுக்கு வெளியே செலவிடுவது வரிவிலக்கைப் பாதிக்கக்கூடும் என்பதால், பணம் அனுப்பும் முன் தணிக்கையாளரைக் கலந்தாலோசியுங்கள்.

பயனை அளப்பது

எத்தனை பேர் கேட்டார்கள் என்ற எண்ணிக்கை அறிக்கைக்கு அழகாக இருக்கும். அதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. குழுவின் கணக்கு நோட்டிலேயே மூன்று பத்திகளைச் சேர்க்கச் சொல்லுங்கள்: இந்த மாதம் செத்த குட்டிகள், மருந்துச் செலவு, கட்டிய தவணை. பாடம் தொடங்குவதற்கு முந்தைய மழைக்காலத்தின் கணக்கையும் நினைவிலிருந்தாவது எழுதி வைக்கச் சொல்லுங்கள். நோட்டு அவர்களுடையதாகவே இருக்கட்டும்; நமக்கு அதன் சுருக்கம் போதும். குட்டிகள் முன்போலவே சாகின்றன என்றால், எந்த வாக்கியம் புரியவில்லை என்று களப்பணியாளர் குழுவில் உட்கார்ந்து கேட்டு, அந்த ஒரு வாக்கியத்தை மாற்றி மறுபடி பதிவு செய்ய வேண்டும்.

இரண்டு மழைக்காலங்கள் முடிந்ததும் எல்லாப் பதிவுகளின் மூலக் கோப்புகளையும், எழுத்துப்படிகளையும், தானியங்கி அழைப்புக் கணக்கின் கடவுச்சொல்லையும் எதிர்முனை அமைப்பிடம் ஒப்படையுங்கள். யாரும் மாற்றி எழுதிப் பயன்படுத்தலாம் என்ற திறந்த உரிமத்தை எழுத்தில் கொடுங்கள். அடுத்த பாடத்தை எந்த மாவட்டத்துக்கு, யார் குரலில் எடுத்துச் செல்வது என்பதை அவர்களே முடிவு செய்யட்டும். கேட்டால் மட்டும் நம் மருத்துவர் வாசகத்தைச் சரிபார்த்துக் கொடுக்கலாம்.