போட்டோஷாப் திறந்தாலே லேப்டாப் கொதிக்கிறதா? பணம் செலவழிக்கும் முன் பார்க்க வேண்டியவை

போட்டோஷாப்போ இல்லஸ்ட்ரேட்டரோ திறந்த கொஞ்ச நேரத்தில் ஃபேன் இரையத் தொடங்குகிறது. கீபோர்டின் மேல் வரிசையில் விரல் வைக்க முடியவில்லை. பிரஷ்ஷை இழுத்தால் கோடு பின்னாலேயே தள்ளாடி வருகிறது. யாரிடம் கேட்டாலும் 'கூலிங் பேட் வாங்கு', 'ரேம் ஏத்து' என்றுதான் சொல்வார்கள். அதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை நிறைய இருக்கின்றன, பெரும்பாலும் காசே ஆகாது. இங்கே நான் சொல்வதெல்லாம் விண்டோஸ் லேப்டாப்புக்கு.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிபியு, அதாவது ப்ராசசர், 100% காட்டுவதே ஒரு கோளாறு அல்ல. பெரிய படத்துக்கு ஃபில்டர் போடும்போதும் பிடிஎஃப் எக்ஸ்போர்ட் செய்யும்போதும் அது முழு வேகத்தில் ஓடத்தான் வேண்டும். வேலை முடிந்த பிறகும் இறங்காமல் நின்றாலோ, ஃபைலைச் சும்மா திறந்து வைத்திருக்கும்போதே ஏறினாலோதான் கவலைப்பட வேண்டும்.

படி 1: யார் தின்கிறார்கள்?

கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். ப்ராசசஸ் பக்கத்தில் 'சிபியு' என்ற தலைப்பை க்ளிக் செய்தால், அதிகம் தின்பவர் மேலே வந்து நிற்பார். இரண்டு நிமிடம் எதையும் தொடாமல் பாருங்கள்.

பல சமயம் முதலிடத்தில் போட்டோஷாப் இருக்காது. விண்டோஸ் டிஃபெண்டரின் 'ஆன்டிமால்வேர் சர்வீஸ் எக்சிக்யூட்டபிள்' ஸ்கேன் செய்துகொண்டிருக்கும். முடிந்ததும் தானே அடங்கிவிடும், விட்டுவிடுங்கள். அல்லது முப்பது டேப் திறந்த க்ரோம் இருக்கும். அடோபியின் 'கிரியேட்டிவ் கிளவுட்', 'கோர் சிங்க்' போன்றவை பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கும். இவை கம்ப்யூட்டர் ஆன் ஆனவுடன் திறக்க வேண்டியதில்லை என்றால், டாஸ்க் மேனேஜரிலேயே 'ஸ்டார்ட்அப்' பக்கத்துக்குப் போய் நிறுத்திவிடலாம்.

மெமரி பத்தியையும் கவனியுங்கள். அது 90 சதவீதத்தைத் தாண்டி நிற்கிறது, டிஸ்க்கும் ஓயாமல் ஓடுகிறது என்றால், உங்கள் பிரச்சினை ப்ராசசர் அல்ல, ரேம் பற்றாக்குறை. 8 ஜிபி ரேமில் போட்டோஷாப், இல்லஸ்ட்ரேட்டர், க்ரோம் மூன்றையும் சேர்த்துத் திறந்தால் இதுதான் நடக்கும்.

இன்னொரு சங்கதியும் உண்டு, சொல்லாமல் விட முடியாது. டிசைன் சாஃப்ட்வேர் எதுவுமே திறக்காதபோது ஃபேன் அலறுகிறது, டாஸ்க் மேனேஜரைத் திறந்த அடுத்த நொடி சிபியு சட்டென்று இறங்குகிறது என்றால் சந்தேகப்படுங்கள். கிராக் செய்த (காசு கட்டாமல் ஓடும்படி உடைத்த) சாஃப்ட்வேரோடு, உங்கள் லேப்டாப்பை வைத்தே திருட்டுத்தனமாக கிரிப்டோ நாணயம் சம்பாதிக்கும் 'கிரிப்டோ மைனர்' ஒட்டிக்கொண்டு வருவது சாதாரணம். அவற்றில் சில, டாஸ்க் மேனேஜர் திறப்பதைக் கண்டதும் பதுங்கிக்கொள்ளும். விண்டோஸ் செக்யூரிட்டியில் 'ஸ்கேன் ஆப்ஷன்ஸ்' போய் ஆஃப்லைன் ஸ்கேன் ஓட்டுங்கள், கிராக்கையும் தூக்கிப் போடுங்கள். மாதச் சந்தா கட்ட முடியவில்லை என்றால் இங்க்ஸ்கேப், கிரிட்டா, ஜிம்ப் எல்லாமே இலவசம்.

படி 2: சூட்டை அளந்து பாருங்கள்

கையால் தொட்டுப் பார்ப்பது கணக்கில் சேராது. டாஸ்க் மேனேஜரும் ப்ராசசரின் வெப்பநிலையைக் காட்டாது. ஹெச்டபிள்யூஇன்ஃபோ என்ற மென்பொருளை இலவசமாக இறக்கி, 'சென்சார்ஸ் ஒன்லி' என்று டிக் செய்து திறங்கள்.

கனமான வேலை நடக்கும்போது 85, 90 டிகிரி செல்சியஸ் என்பது மெலிந்த லேப்டாப்களில் சகஜம். பெரும்பாலான லேப்டாப் ப்ராசசர்களுக்கு உச்ச வரம்பு 95 முதல் 105 டிகிரிக்குள் இருக்கும். அதைத் தொட்டதும் ப்ராசசர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துவிடும். டாஸ்க் மேனேஜரின் 'பெர்ஃபாமன்ஸ்' பக்கத்தில் வேகம் கிகாஹெர்ட்ஸில் ஓடிக்கொண்டிருக்கும். பக்கத்திலேயே 'பேஸ் ஸ்பீட்' என்று இருக்கும். வேலை உச்சத்தில் இருக்கும்போது வெப்பநிலை அந்த வரம்பைத் தொட்டு, ஓடும் வேகமும் பேஸ் ஸ்பீடுக்குக் கீழே விழுந்தால், உங்கள் பிரஷ் தள்ளாடுவதற்குக் காரணம் சூடுதான்.

எல்லாவற்றையும் மூடிவிட்டு, பத்து நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். சும்மா இருக்கும்போதே 70 டிகிரிக்கு மேல் நிற்கிறது, டாஸ்க் மேனேஜரில் யாரும் எதையும் தின்னவில்லை என்றால் செட்டிங்ஸை நோண்டிப் பயனில்லை. நேராக 6-ஆம் படிக்குப் போங்கள்.

படி 3: ஃபைலைச் சந்தேகப்படுங்கள்

என் அனுபவத்தில் பாதிக்கு மேல் தவறு இங்கேதான் இருக்கிறது, ஆனால் யாரும் இங்கே பார்ப்பதில்லை.

10 அடிக்கு 8 அடி ஃபிளெக்ஸ் ஒன்றை 300 ரெசல்யூஷனில் (அங்குலத்துக்கு 300 பிக்சல்), அச்சுக்கான நான்கு நிற முறையான சிஎம்ஒய்கே-வில் திறக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 120 அங்குலம், 96 அங்குலம். பிக்சலில் 36,000 பெருக்கல் 28,800, அதாவது சுமார் 103.7 கோடிப் பிக்சல். ஒரு பிக்சலுக்கு 4 பைட் வீதம், ஒரே ஒரு முழு லேயரே சுமார் 3.86 ஜிபி. போட்டோஷாப்பின் வழக்கமான பிஎஸ்டி ஃபைலில் நீளமோ அகலமோ 30,000 பிக்சலுக்கு மேல் போக முடியாது என்பதால், இதைப் பெரிய ஃபைல்களுக்கான பிஎஸ்பி-யாகத்தான் சேவ் செய்ய வேண்டியிருக்கும். இதில் மாப்பிள்ளை படம், பெண் படம், பூ, நிழல், பளபளப்பு என்று இருபது லேயர் ஏற்றினால் எந்த லேப்டாப்தான் தாங்கும்?

அதே பேனரை 72-ல் திறந்தால் ஒரு லேயர் சுமார் 228 எம்பி. பதினேழில் ஒரு பங்கு. தெருவோரம் தூரத்தில் நின்று பார்க்கிற ஃபிளெக்ஸுக்கு 72 போதும். பிரிண்ட் போடுகிறவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள், அவரே பெரிய ஃபைலைப் பார்த்தால் முகம் சுளிப்பார். விசிட்டிங் கார்டு, நோட்டீஸ் போன்ற கையில் பிடித்துப் படிப்பவற்றுக்கு மட்டும் 300-ஐ வைத்துக்கொள்ளுங்கள்.

திறந்திருக்கும் ஃபைல் எவ்வளவு கனம் என்று தெரிய, 'இமேஜ்' மெனுவில் 'இமேஜ் சைஸ்' திறந்தால் மேலேயே போட்டிருக்கும்.

இல்லஸ்ட்ரேட்டரில் குற்றவாளி வேறு. ட்ராப் ஷேடோ, க்ளோ, ப்ளர் எல்லாம் உள்ளுக்குள் பிக்சலாக மாறுபவை. 'எஃபெக்ட்' மெனுவில் 'டாக்குமென்ட் ராஸ்டர் எஃபெக்ட்ஸ் செட்டிங்ஸ்' போய், வேலை செய்யும்வரை 72-ல் வைத்துக்கொள்ளுங்கள். அச்சுக்கு அனுப்பும் முன் மறக்காமல் 300-க்கு ஏற்றி, நிழல்கள் ஒழுங்காக இருக்கின்றனவா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். அப்புறம், இமேஜ் ட்ரேஸ் செய்த (படத்தைக் கோடுகளாக மாற்றிய) கோலமோ பார்டரோ ஆயிரக்கணக்கான புள்ளிகளோடு உட்கார்ந்திருக்கும். கண்ட்ரோல், ஒய் அழுத்தி அவுட்லைனில் பார்த்தால் கறுப்பாக அப்பிக் கிடக்கும் இடம்தான் அது. 'ஆப்ஜெக்ட்', 'பாத்', 'சிம்ப்ளிஃபை' போட்டுப் புள்ளிகளைக் குறையுங்கள்.

படி 4: போட்டோஷாப்புக்குள் இரண்டு இடங்கள்

'எடிட்' மெனுவின் கீழே 'ப்ரிஃபரன்சஸ்', அதில் 'பெர்ஃபாமன்ஸ்'. 'யூஸ் கிராஃபிக்ஸ் ப்ராசசர்' டிக் ஆகியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தக் கிராஃபிக்ஸ் ப்ராசசர் (ஜிபியு) பார்க்க வேண்டிய வேலையையும் சிபியுவே சுமக்கும். ரேம் குறைவாக இருந்தால் 'ஹிஸ்டரி ஸ்டேட்ஸ்' (எத்தனை படி பின்னால் போய் அன்டூ செய்யலாம் என்ற எண்) 50-ஐ 20 ஆக்கலாம்.

தனி கிராஃபிக்ஸ் கார்டு உள்ள லேப்டாப் என்றால், விண்டோஸ் செட்டிங்ஸில் 'டிஸ்ப்ளே', 'கிராஃபிக்ஸ்' போய் போட்டோஷாப்பைச் சேர்த்து 'ஹை பெர்ஃபாமன்ஸ்' கொடுங்கள். என்விடியா கார்டு இருந்தால் கேம் ரெடி டிரைவருக்குப் பதில் ஸ்டூடியோ டிரைவர் போடுங்கள்.

படி 5: 99 வைத்தியம்

கன்ட்ரோல் பேனலில் 'பவர் ஆப்ஷன்ஸ்', 'சேஞ்ச் பிளான் செட்டிங்ஸ்', பிறகு அட்வான்ஸ்டு செட்டிங்ஸ். அங்கே 'ப்ராசசர் பவர் மேனேஜ்மென்ட்' கீழே 'மேக்ஸிமம் ப்ராசசர் ஸ்டேட்' 100 என்று இருக்கும். 99 ஆக்குங்கள். ஒரே ஒரு சதவீதம்தானே என்று தோன்றும். ஆனால் பெரும்பாலான இன்டெல் லேப்டாப்களில் இது பேஸ் ஸ்பீடுக்கு மேல் எகிறும் டர்போ பூஸ்ட்டையே நிறுத்திவிடும், சூடு கண்கூடாக இறங்கும். எக்ஸ்போர்ட் மெதுவாகும், அந்த நேரத்துக்கு மட்டும் 100-க்கு மாற்றிக்கொள்ளலாம். சில புதிய லேப்டாப்களில் இந்த வரியே தெரியாது. அங்கே செட்டிங்ஸில் 'பவர் மோட்' போய் 'பேலன்ஸ்டு' வையுங்கள்.

படி 6: தூசி

பெரும்பாலான லேப்டாப்கள் அடிப்பக்கமாகத்தான் காற்றை இழுக்கும். மெத்தையில், மடியில் வைத்து வேலை செய்தால் அதன் மூக்கைப் பொத்திய மாதிரி. மேசையில் வைத்து, பின்பக்கத்தை இரண்டு விரல் உயரம் தூக்குங்கள். கூலிங் பேட் செய்வதில் பாதியை இதுவே செய்துவிடும்.

பழைய லேப்டாப் என்றால் உள்ளே தூசி பஞ்சு போலப் படிந்திருக்கும். வாரண்டி முடிந்துவிட்டது, திறக்கவும் தெரியும் என்றால், ஆஃப் செய்து சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரி கனெக்டரையும் பிரித்துவையுங்கள். ஃபேன் இறக்கையை ஒரு பல் குச்சியால் சுழலாமல் பிடித்துக்கொண்டு காற்றடியுங்கள். தாறுமாறாகச் சுழல விட்டால் பேரிங் கெடும். ப்ராசசரின் சூட்டை வெளியே கடத்த நடுவில் பூசும் தெர்மல் பேஸ்ட் காய்ந்திருந்தால் அதையும் மாற்ற வேண்டும். பழக்கமில்லை என்றால் சர்வீஸ் கடையில் கொடுங்கள். கொடுக்கும் முன்பும் வாங்கிய பிறகும் அதே ஃபைலில் அதே ஃபில்டரைப் போட்டு வெப்பநிலையைக் குறித்துக்கொள்ளுங்கள். பத்து டிகிரியாவது இறங்கவில்லை என்றால் என்ன செய்தார்கள் என்று கேட்கலாம்.

டச்பேட் மேலெழும்பியோ அடிப்பக்கம் புடைத்தோ இருந்தால் மேலே சொன்ன எதையும் செய்யாதீர்கள். பேட்டரி வீங்கியிருக்கிறது. சார்ஜரைப் பிடுங்கி, ஆஃப் செய்து, குத்தாமல் அழுத்தாமல் அன்றைக்கே சர்வீஸுக்குக் கொண்டுபோங்கள்.