ஊதிப்போன கன்னம் வழிக்கு வந்த கதை

முகம் சோர்ந்து தெரிகிறதே என்று கன்னத்தில் ஃபில்லர் ஊசி போட்டுக்கொண்டேன். பள்ளம் நிரம்பியது, ஆனால் கரும்புள்ளியும் சொரசொரப்பும் அப்படியே இருந்தன. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று கேட்டுப் போட்டுக்கொண்டதுதான் என் தவறு. சிரித்தால் கன்னம் தனியாக மேலேறி நின்றது.

வேறொரு தோல் மருத்துவர் விளக்கியபோதுதான் விஷயம் புரிந்தது. தோலுக்கு அடியில் குறைந்துபோன கனத்தை ஈடுகட்டுவது ஃபில்லர். நிறத்தையும் மேற்பரப்பையும் சீராக்குவது லேசர். ஒன்றின் வேலையை மற்றொன்றிடம் கேட்டிருக்கிறேன்!

என்னுடையது கரைக்கக்கூடிய வகையான ஹையலூரானிக் அமில ஃபில்லர் என்பதால் தப்பித்தேன். ஹையலூரானிடேஸ் என்ற நொதியை ஊசியில் செலுத்தி, மிகையானதைக் கரைத்தார். வீக்கம் வடிந்த பிறகு லேசர். மாநிறத் தோலில் சூடு கூடினால் புதிதாகக் கருமை படரக்கூடும். அதனால் குறைந்த ஆற்றலில், 4 வார இடைவெளியில் 3 முறை. ஒவ்வொரு முறையும் சில நாள் சிவந்து உரிந்தது. வெளியே போனால் எஸ்பிஎஃப் 50 சன்ஸ்கிரீன் கட்டாயம். அந்தப் பிசுபிசுப்பு எனக்கு ஆகவே ஆகாது, ஆனாலும் பூசினேன்.

தோல் முழுதாக ஆறியபின்தான் மீண்டும் ஃபில்லர். அதுவும் முன்பு போட்டதில் பாதிகூட இல்லை. ஊசி போட்ட இடம் வெளிறினாலோ, வலி ஏறினாலோ, பார்வை மங்கினாலோ ரத்தக்குழாய் அடைப்பாக இருக்கலாம், உடனே வந்துவிடுங்கள் என்று எச்சரித்தே அனுப்பினார். முதலில் போன இடத்தில் இதைச் சொல்லவே இல்லை.

இப்போது "முகத்துக்கு என்ன செய்தாய்?" என்று யாரும் கேட்பதில்லை, "நேற்று நன்றாகத் தூங்கினாயா?" என்றுதான் கேட்கிறார்கள்.