‘கபீரே’யின் வேரைக் கண்டறியும் முறை

இத்தாலிய மொழியில் ‘புரிந்துகொள்’ எனப் பொருள்படும் ‘கபீரே’யின் வேரைத் தேடுவோர், முதலில் இலத்தீன் அகராதியில் ‘காபெரே’ என்னும் வினையைக் கண்டு, காபியோ, காபெரே, கேபி, காப்தும் என்ற அதன் நான்கு அடிப்படை வடிவங்களையும் எழுதிக்கொள்ள வேண்டும். ‘எடு, பற்று’ என்பதே அதன் முதற்பொருள். கையால் பற்றுவது மனத்தால் பற்றுவதாக விரிந்தது இலத்தீனிலேயே தொடங்கிவிட்டது.

அடுத்து விகுதியைப் பாருங்கள். இலத்தீன் வினைகள் விகுதியை ஒட்டிப் பிரிக்கப்படும் வகுப்புகளுள் மூன்றாம் வினைவகுப்பின் ‘எரே’, நான்காம் வகுப்பின் ‘ஈரே’யாக மாறியுள்ளது. ‘கபீஸ்கோ’ என்ற தன்மை ஒருமை வடிவில் ஒலிக்கும் ‘இஸ்க்’, செயலின் தொடக்கத்தைக் குறித்த இலத்தீன் ஒட்டின் எச்சமாகும்.

ஒலி ஒற்றுமையை மட்டும் ஒருபோதும் நம்பக்கூடாது. ‘உடைத்தாயிரு’ எனப் பொருள்படும் ஜெர்மன் ‘ஹாபென்’, அதே பொருளுடைய இலத்தீன் ‘ஹபேரே’யின் உடன்பிறப்பாகவே தோன்றும், ஆனால் தொன்மையான ‘க’ ஒலி ஜெர்மானிய மொழிகளில் ‘ஹ’ ஆகும் என்று ஜெர்மன் மொழியியலாளர் யாக்கோப் கிரிம் 1822இல் வகுத்துரைத்த விதியின்படி, ‘ஹாபென்’ காபெரேயின் உறவே.