கொரிய ராஜா காலத்துப் படத்தில் ராஜாவைத் தாண்டிப் பார்ப்பது எப்படி

கொரிய சரித்திரப் படம் என்றாலே கண் நேராகப் பட்டு அங்கிக்கும் அரண்மனைக்கும்தான் போகும். அதில் தப்பில்லை. ஆனால் அந்தக் காலத்து மனிதர்களில் யாரைப் படம் உள்ளே விட்டிருக்கிறது, யாரை வாசலோடு நிறுத்திவிட்டது என்று கவனிக்கப் பழகிவிட்டால் அதே படத்தில் புதிதாக எவ்வளவோ தெரியும். பழகுவதற்கு நல்ல படம், லீ ஜூன்-இக் இயக்கி 2005 டிசம்பர் கடைசியில் வந்த 'தி கிங் அண்ட் தி கிளவுன்'. கொரியாவில் 1.2 கோடிப் பேருக்கு மேல் தியேட்டரில் பார்த்தார்கள். 1494 முதல் 1506 வரை ஆண்ட கொடுங்கோலன் யோன்சான்குன் காலத்தில், கயிற்றின் மேல் நடந்து பிழைக்கும் இரண்டு கூத்தாடிகளின் கதை.

முதல் தடவை கதைக்காக மட்டும் பாருங்கள். இரண்டாம் தடவை பெயர்களைக் கவனியுங்கள். சாங்செங், கொங்கில், அவ்வளவுதான். குடும்பப் பெயர் கிடையாது. அன்று கொரியாவை ஆண்ட ஜோசன் அரசின் சமூகத்தில் மேலே யாங்பான் பிரபுக்கள், அடியில் சொன்மின்: அடிமைகள், மாடு அறுப்பவர்கள், சாமியாடும் பெண்கள், கூத்தாடிகள். அந்தக் கடைசிப் படியில் பிறந்தவர்களுக்குப் பெரும்பாலும் குடும்பப் பெயரே இருக்காது. படம் இதை எங்கும் நிறுத்தி விளக்காது, நாமே பிடித்துக்கொள்ள வேண்டும்.

அப்புறம் பேச்சு. ஆங்கில சப்டைட்டிலில் ராஜாவுக்கும் பிச்சைக்காரனுக்கும் ஒரே 'யூ'. கொரிய மொழியிலோ யார் யாரிடம் பேசுகிறார்கள் என்பதைப் பொறுத்து வினைமுற்றே மாறிவிடும். நீ, நீங்கள் என்று பேசி வளர்ந்த நமக்கு அந்த வித்தியாசம் காதில் சட்டென்று விழும், அதனால் சில காட்சிகளையாவது எழுத்தைப் படிக்காமல் கேட்டுப் பாருங்கள். தெருவில் சாங்செங் ராஜாவாகவும் கொங்கில் ராஜாவின் ஆசைநாயகி நோக்சுவாகவும் நடிக்கிற இடம் வரும். கடைநிலையில் பிறந்த ஒருவன் ராஜாவின் தொனியை வாயில் எடுக்கிறான்; உயிர் போகிற குற்றம் அது என்பது அந்தத் தொனியிலேயே புரிந்துவிடும்.

எது வரலாறு, எது கற்பனை என்பதையும் பிரித்துப் பாருங்கள். ஜோசன் அரச ஆவணத்தில் கொங்கில் பற்றி இருப்பது சின்னக் குறிப்புதான்: ராஜா ராஜாவாக இல்லாவிட்டால் தானியம் இருந்தும் எப்படிச் சாப்பிடுவது என்று கன்ஃபூசியஸின் நூலில் வரும் வாக்கை எடுத்துச் சொல்லி, அடி வாங்கி, தொலைவான இடத்துக்குத் துரத்தப்பட்ட நடிகன். படத்தில் அவனுக்கு வரும் பெண் வேடம், ராஜாவின் நெருக்கம் எதுவும் அதில் இல்லை. ஆனால் ஊர் ஊராகப் போன நம்சதாங் குழுக்களில் ஆண்களே பெண் வேடம் கட்டினார்கள், அந்தக் கலை 2009இல் யுனெஸ்கோ பட்டியலிலும் சேர்ந்தது. ஆக, அந்தக் குறிப்பில் இல்லாத ஒரு வாழ்க்கையை வேறு இடத்திலிருந்து எடுத்து அந்த ஒற்றைப் பெயருக்குக் கொடுத்திருக்கிறார்கள். எனக்கு இது ஏமாற்று வேலையாகத் தெரியவில்லை, எழுதி வைக்கப்படாதவர்களைத் திரைக்குக் கொண்டுவர வேறு வழி என்ன இருக்கிறது?

ஆனால் தவறு இருக்கும் இடத்தையும் விடாதீர்கள். ராஜாவின் தாய் விஷம் கொடுத்துக் கொல்லப்பட்டதை இந்தக் கூத்தாடிகள் அரண்மனையில் நடித்துக் காட்டும்போது முகப்பூச்சும் உடையும் சீனத்து பீக்கிங் ஓபரா பாணியில் இருக்கும். அந்தக் கலை உருவானதே 1790 வாக்கில்தான், கிட்டத்தட்ட முந்நூறு வருஷம் தள்ளி.

பெண்களை எண்ணிப் பாருங்கள். நோக்சு நிஜத்தில் அடிமையாக இருந்து ராஜாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தவள். கூத்தாடிகளுக்கு இருந்த அதே பள்ளத்திலிருந்து ஏறி வந்தவள். படத்தில் அவளுக்குக் கிடைத்தது பெரும்பாலும் பொறாமை. ஆண்களின் மென்மைக்கு இவ்வளவு இடம் கொடுத்த படம் இவளை இப்படி விட்டது எனக்கு இன்றும் வருத்தம்தான்.

கடைசியாக, இரண்டு பேரும் குருடர்கள் போல நடித்து, நான் இங்கே இருக்கிறேன், நீ அங்கே இருக்கிறாய் என்று ஒருவரை ஒருவர் தேடுகிற விளையாட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். முடிவில் சாங்செங்கின் பார்வை நிஜமாகவே பறிக்கப்பட்டு, அவன் மறுபடி கயிற்றில் ஏறுவான். அந்தக் காட்சியில் அவன் பாதத்தை மட்டும் பாருங்கள், கயிற்றைத் தடவித் தேடுகிற பாதத்தை.