பழைய நீராவி எஞ்சின் மாடலை வீட்டில் சரிசெய்வது: பாய்லர் முதலில், பெயிண்ட் கடைசியில்

பழைய நீராவி எஞ்சின் மாடல் ஒன்று கைக்கு வந்ததும் எல்லாருக்கும் முதலில் வரும் ஆசை அதைத் தேய்த்துப் பளபளப்பாக்கிப் பார்ப்பதுதான். அந்த ஆசையைக் கொஞ்ச நாள் அடக்கி வையுங்கள். அழுக்கில்தான் துப்பு இருக்கிறது. எங்கே எண்ணெய் கசிந்தது, எந்த இணைப்பில் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறது, எந்த நட்டை முன்னால் யாரோ பிளையரால் கடித்துத் திருகியிருக்கிறார்கள் என்பதெல்லாம் தேய்த்துவிட்டால் போய்விடும்.

என்னிடம் வந்தது மூன்றரை அங்குல கேஜ் எஞ்சின், அதாவது இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே 89 மில்லிமீட்டர். நான்கே சக்கரம், உடம்போடு சேர்ந்த தண்ணீர்த் தொட்டி. வீடு காலி செய்துகொண்டிருந்த ஒரு பெரியவர், “தம்பி, இது ஓடாது, அலமாரியில் வை” என்று சொல்லிக் கொடுத்தார். என் பட்டறை சிங்கப்பூரில் நாலறை வீவக அடுக்குமாடி வீட்டில் சமையலறைக்குப் பின்னால் துணி காயப்போடும் இடம். சின்ன லேத் (கடைசல் இயந்திரம்), ஒரு டிரில், ஒரு வைஸ், அவ்வளவுதான். லேத்துக்கு அடியில் தடிமனான ரப்பர் விரிப்பு கட்டாயம், இல்லையென்றால் கீழ்வீட்டுக்காரர் மின்தூக்கியில் பார்க்கும்போது சிரிக்கமாட்டார். பித்தளைச் சுருள் காலில் குத்தினால் வீட்டுக்காரம்மா என்ன சொல்வார் என்பதை நான் எழுதத் தேவையில்லை.

பிரிப்பதற்கு முன் சக்கரம் சுற்றுகிறதா பாருங்கள். சுற்றாவிட்டால் பலம் காட்டாதீர்கள். பல வருடம் சும்மா கிடந்ததில் பழைய எண்ணெய் பிசினாக இறுகியிருக்கும், ஊடுருவும் எண்ணெயை அடித்துவிட்டு மூன்று நான்கு நாள் மறந்துவிடுங்கள். பிரிக்கும்போது ஒவ்வொரு படிக்கும் போனில் படம். கழற்றும் திருகுகளைப் போட்டு வைக்க, கோப்பிக்கடையில் சம்பல் கட்டித்தருகிறார்களே, அந்த மூடி போட்ட குட்டி டப்பாவை விட நல்லது எதுவும் இல்லை. மூடி மேல் மார்க்கரில் ‘இடது சிலிண்டர், முன் மூடி’ என்று எழுதிவிடுங்கள்.

திருகு விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. பிரிட்டிஷ் மாடல்களில் சின்னத் திருகுகள் பெரும்பாலும் பி.ஏ. என்ற பழைய பிரிட்டிஷ் அளவு. 6 பி.ஏ. என்பது 2.8 மி.மீ. விட்டம், புரிக்குப் புரி இடைவெளி 0.53 மி.மீ. ஜாலான் புசார் பக்கம் இரும்புச் சாமான் கடைகளில் சுலபமாகக் கிடைப்பது 3 மி.மீ. மெட்ரிக் திருகான எம்3, அதன் புரி இடைவெளி 0.5. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், இரண்டு சுற்று போகவும் போகும், அப்புறம் பித்தளையில் இருந்த புரியைத் தின்றுவிடும். நான் அப்படி ஒரு ஓட்டையைக் கெடுத்து, அதை அடைத்து மறுபடி டேப் போட்டுப் புரி வெட்ட ஒரு சனிக்கிழமை முழுதும் போனது. புரி அளவி ஒன்று வாங்கிவிடுங்கள்.

சரி, இப்போது பாய்லர். மற்ற எல்லாம் இதற்குப் பிறகுதான், ஏனென்றால் பாய்லர் தேறவில்லை என்றால் மீதி வேலை எல்லாம் அலமாரிப் பொம்மைக்குச் செய்த வேலை.

முதலில் கண்ணால். டார்ச் அடித்து, நெருப்பு எரியும் அறையான நெருப்புப் பெட்டிக்குள் பாருங்கள், தகட்டின் மேல் இரும்பு ஸ்கேலை வைத்தால் உப்பல் தெரிந்துவிடும். உப்பியிருந்தால் அந்தப் பாய்லரில் நெருப்பு போடாதீர்கள். செப்பில் வெள்ளிப் பற்றாசு (உருக்கி ஒட்டும் வெள்ளிக் கலவை) போட்ட இடம் மஞ்சள் கலந்த வெள்ளையாக இருக்கும். ஈயம் மாதிரி சாம்பல் நிறத்தில் பூசியிருந்தால் யாரோ கசிவை சாதாரண ஈயப் பற்றாசால் அடைத்திருக்கிறார் என்று அர்த்தம். வெள்ளிப் பற்றாசு உருக 600 டிகிரி செல்சியஸுக்கு மேல் வேண்டும், ஈயப் பற்றாசோ 183 டிகிரியிலேயே உருகும். 80 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு 80 பவுண்டு) அழுத்தத்தில் நீராவியே ஏறக்குறைய 162 டிகிரி சூடு, இடைவெளி எவ்வளவு குறைவு பாருங்கள். அதோடு ஈயம் பட்ட இடத்தில் அப்புறம் வெள்ளிப் பற்றாசு ஒழுங்காகப் பிடிக்காது. பித்தளைப் பகுதிகளில் செம்பு நிறத் திட்டு தெரிந்தால் துத்தநாகம் கரைந்து போயிருக்கிறது, வலுவே இருக்காது, அதை எடுத்துவிட்டு வெண்கலத்தில் புதிதாகக் கடைந்து போடுங்கள்.

அப்புறம் தண்ணீர்ச் சோதனை. காற்றுக் குமிழ் ஒன்றும் இல்லாமல் பாய்லரைத் தண்ணீரால் நிரப்பி, பாதுகாப்பு வால்வைக் கழற்றி அந்த ஓட்டையையும் மற்றவற்றையும் அடைத்து, கைப்பம்பால் மெதுவாக அழுத்தம் ஏற்ற வேண்டும். வேலை செய்யும் அழுத்தத்தைப் போல், புதுப் பாய்லருக்கு இரண்டு மடங்கு, பழையதற்கு ஒன்றரை மடங்கு என்பது வழக்கம், என்னுடையது 80 என்பதால் 120. காற்றை வைத்து ஒருபோதும் சோதிக்காதீர்கள். தண்ணீர் அமுங்குவதில்லை, பாய்லர் விட்டால் சொட்டும், அவ்வளவுதான், காற்று என்றால் வெடிக்கும். 120-இல் அரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்தேன். முள் அசையவில்லை என்றுதான் நினைத்தேன், ஆனால் பின் தகட்டில் ஒரு ஸ்டே (தகடு உப்பாமல் இழுத்துப் பிடிக்கும் தண்டு) தலையைச் சுற்றி கடுகளவு ஈரம், துடைத்தால் பத்து நிமிடத்தில் மறுபடி வந்தது.

பாய்லருக்குப் பற்றாசு வேலையை வீட்டில் செய்யாதீர்கள். செப்பு சூட்டை உடனே இழுத்துப் பரப்பிவிடும், மொத்தப் பாய்லரையும் சிவக்கச் சூடாக்கினால்தான் ஒரு ஸ்டேயில் பற்றாசு ஓடும், அதற்கு வேண்டிய பெரிய டார்ச்சும் புகையும் அடுக்குமாடிக்கு ஆகாது. நான் காக்கி புக்கிட்டில் நண்பர் பட்டறைக்குத் தூக்கிப்போனேன். நகை செய்யும் பத்தர் வெங்காரம் தடவி ஊதுவது போலத்தான் இதுவும், சுத்தமும் பொறுமையும் வேண்டும், கையில் அனுபவம் இல்லை என்றால் தெரிந்தவரைச் செய்யச் சொல்லுங்கள். முடிந்ததும் மறுபடி தண்ணீர்ச் சோதனை, இந்த முறை இரண்டு மடங்குக்கு.

பற்றாசு போட்ட பின் கறுப்பைப் போக்க சிட்ரிக் ஆசிட் கரைசலில் ஊற வைப்போம், குத்துவிளக்குக்குப் புளி போடுவதன் பெரிய அண்ணன் இது. செப்பு ஊறிய அந்தக் கரைசலில் இரும்பைப் போடாதீர்கள். நான் சோம்பலில் சக்கரங்களை இணைக்கும் இரண்டு எஃகு ராடுகளை அதே வாளியில் போட்டேன், காலையில் ரோஜா நிறத்தில் செப்பு முலாம் பூசிக்கொண்டு வந்தன.

சக்கரமும் ராடும் சீக்கிரம் முடியும், ஒன்றைத் தவிர. சுற்றும்போது ஒரே இடத்தில் ராடு இறுகினால், ராடின் ஓட்டையைப் பெரிதாக்கத் தோன்றும், செய்யாதீர்கள். பெரும்பாலும் ஒரு சக்கரம் அச்சில் நகர்ந்திருக்கும். ராடு மாட்டும் இருபக்கக் கிராங்குகளும் ஒன்றுக்கொன்று 90 டிகிரி நிற்க வேண்டும், அதைவிட முக்கியம் எல்லா அச்சிலும் அதே கோணம் இருப்பது. கோணம் மாறாமல் பிடிக்க ஒரு ஜிக் செய்து வைத்து, அச்சைச் சுத்தமாகத் துடைத்து, லாக்டைட் 638 பசை போட்டு நிறுத்துங்கள்.

சிலிண்டரைக் கடைய வேண்டியிருந்தால் உள்ளே இருக்கும் கீறல் கோடு மறையும் அளவுக்கு மட்டும் கடையுங்கள், பிஸ்டனைப் புதிதாகச் செய்வது சுலபம், சிலிண்டரை அல்ல. ஓ-ரிங் (ரப்பர் வளையம்) போடுவதானால் விட்டான் ரகம், சாதாரண நைட்ரைல் ரப்பர் இந்தச் சூட்டில் சீக்கிரம் கெட்டியாகிவிடும். வால்வு உட்காரும் முகத்தில் நீராவி அரித்த கோடுகள் இருக்கும். தடித்த கண்ணாடி மேல் 600, பிறகு 1200 உப்புத்தாளை வைத்து, எண்ணெய் விட்டு, எட்டு போடுவது போலத் தேயுங்கள்.

பிறகு வால்வு நேரம், அதாவது நீராவித் துவாரம் சரியான நேரத்தில் திறக்கிறதா என்பது. மூடியைத் திறந்து வைத்து, சக்கரத்தைக் கையால் சுற்றி, பிஸ்டன் இரண்டு கோடியிலும் நிற்கும்போது துவாரம் எவ்வளவு திறக்கிறது என்று பாருங்கள். இரு பக்கமும் சமமில்லை என்றால் வால்வைத் தள்ளும் ஸ்பிண்டில் தண்டின் நட்டைத் திருகினால் போதும். சமமாக இருந்தும் திறப்பு தாமதமாகவோ முந்தியோ வந்தால் அச்சிலிருந்து வால்வை ஆட்டும் வட்டான எக்ஸென்ட்ரிக்கைத் திருப்ப வேண்டும். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு மாற்றி மாற்றித் திருகுபவர்கள்தான் எஞ்சினை வெறுக்கிறார்கள்.

முதல் ஓட்டம் காற்றில். சக்கரம் தரையைத் தொடாதபடி கட்டையில் நிறுத்தி, சின்ன கம்ப்ரஸரில் 20 பி.எஸ்.ஐ. கொடுங்கள் (இது சிலிண்டருக்குத்தான், பாய்லருக்கு அல்ல). நன்றாகப் பொருத்திய எஞ்சின் அதைவிடக் குறைவிலேயே மெல்லச் சுற்றும், ஒரு சுற்றுக்கு வரும் நான்கு சத்தமும் சமமாக வரும். நீராவியை வீட்டிலும் அடுக்குமாடிக்குக் கீழே வெற்றுத்தளத்திலும் வேண்டாம், திறந்த இடத்தில், கெட்டியான நீராவி எண்ணெய் விட்டு, பாதுகாப்பு வால்வு சரியான அழுத்தத்தில் திறக்கிறதா என்று பார்த்துவிட்டு. கார் எண்ணெய் உதவாது.

பெயிண்ட் இதற்கெல்லாம் பிறகு. ஓட்டிய அன்றே, சூடு கொஞ்சம் இருக்கும்போதே பாய்லரை வடித்து அடைப்புகளைத் திறந்து வையுங்கள், நம் ஊர் ஈரப்பதத்தில் ஒரே வாரத்தில் எஃகில் துரு பிடிக்கும். நான் எண்ணெய் தடவி, காற்றுப் புகாத பெட்டியில் சிலிகா ஜெல்லோடு வைக்கிறேன், மணிகள் நீலத்திலிருந்து ரோஜாவுக்கு மாறினால் எடுத்துச் சூடாக்கிக் காயவைத்து மறுபடி போடுவேன்.